ஃப்ரோபீனியஸும் இஃபேயின் தலையும்

1

கடலுக்குள் போன நாகரிகங்களைத் தேடிப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோரை இலக்கியத்தில் அக்கறையுள்ளவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் புத்தகங்கள் ஒரு வகை வாசகனின் ஆசையைத் தீர்த்துவைக்கின்றன, அத்தோடு சரி. ஆனால் ஜெர்மானியரான லியோ ஃப்ரோபீனியஸை (1873–1938) அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. ப்ளேட்டோ எழுதிய அட்லாண்டிஸைத் தான் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்துவிட்டதாக இவர் அறிவித்த செய்தி 1911 ஜனவரியில் நியூயார்க் பத்திரிகை வரை போயிற்று. அறிவிப்பு தவறு. ஆனாலும் இந்த மனிதரைத்தான் எஸ்ரா பவுண்ட் தன் ஆசான்களில் ஒருவராக வைத்துக்கொண்டார். இவருடைய புத்தகத்திலிருந்துதான் செங்கோரும் எமே ஸெஸேரும் தங்கள் கவிதைக்கு வேண்டிய தெம்பைப் பெற்றார்கள். இவரைத்தான் 1986-ல் நோபல் பரிசு பெற்றுப் பேசியபோது வோலே சோயிங்கா பெயர் சொல்லிச் சாடினார். ஒரு தொல்லியல் பிழையைச் சுற்றி இத்தனை கவிஞர்கள் நிற்க என்ன காரணம்?

பிழை தொல்லியலில் தொடங்கவில்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. முதலில் நடந்தது ஒரு விமர்சனப் பிழை. தொல்லியல் பின்னால் வந்து அதற்குச் சாட்சி சொல்லிற்று. விமர்சனம் எழுதுகிற, அல்லது எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிற நம் போன்றவர்களுக்கு இந்தப் பழைய கதையில் அக்கறை ஏற்பட வேண்டியதும் அதனால்தான்.

2

ஃப்ரோபீனியஸ் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. அவர் கொடுத்த ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. தானே ஓர் ஆப்பிரிக்க ஆவணக் களஞ்சியத்தைத் தொடங்கி, பணம் திரட்டி, 1904 முதல் 1935 வரை பன்னிரண்டு முறை ஆப்பிரிக்காவுக்குப் பயணம் போனவர். 1910 இறுதியில் நைஜீரியாவில், யொரூபா மக்களின் புனித நகரமான இஃபேக்கு வந்தார். ஓவியர் கார்ல் ஆரியன்ஸும் எஞ்சினியர் ஆல்பிரெக்ட் மார்டியஸும் கூட வந்தார்கள். இஃபேயின் மண்ணைத் தோண்டினால் முகங்கள் கிடைக்கும். சுடுமண்ணில் செய்த முகங்கள். நெற்றியிலிருந்து தாடை வரை நெருக்கமான நேர்க்கோடுகள் கீறிய முகங்கள். கோடு இல்லாத வழுவழுப்பான முகங்கள். ஒலோகுன் தெய்வத்தின் தோப்பில் இருந்த உலோகத் தலை ஒன்றையும் அவர் பார்த்தார். தலையில் கிரீடம், நெற்றிக்கு மேல் ஒரு சிகை, ஆழ்ந்த அமைதியுடன் பார்க்கும் கண்கள். ஆறு பவுனுக்கும் ஒரு புட்டி விஸ்கிக்கும் அதை வாங்கினார். ஊரில் புகார் கிளம்பிற்று. இபாதானிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் பார்ட்ரிட்ஜ் வந்து இஃபேயிலேயே விசாரணை நடத்தினார். உலோகத் தலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சுடுமண் தலைகள் சில பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதுவரை காலனிய காலத்தில் எங்கும் நடந்த கதைதான். ஆனால் அந்தத் தலையின் முன் நின்றபோது தனக்குள் என்ன நிகழ்ந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அதன் அழகு அவரை ஆட்கொண்டது. உடனே ஒரு துக்கமும் கவிந்தது. இவ்வளவு அழகுக்கும் பாதுகாவலர்கள், தன்னைச் சுற்றி நிற்கும் இந்தச் சீரழிந்த, மந்தபுத்திச் சந்ததியினரா என்ற துக்கம். சோயிங்கா ஸ்டாக்ஹோமில் எடுத்துக்காட்டியது இந்த இடத்தைத்தான்.

இந்த இரண்டு உணர்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது சரியானது. 1910-ல் ஒரு ஐரோப்பியன் ஆப்பிரிக்கச் சிற்பத்தின் முன் நின்று இது மகத்தான கலை என்று தயங்காமல் சொன்னது சாதாரண விஷயமல்ல. கண் ஏமாறவில்லை. இரண்டாவது உணர்ச்சி கண்ணிலிருந்து வந்ததல்ல. அது கப்பல் ஏறும்போதே கூட வந்தது. தலையைப் பார்த்த கண்ணைத் திருப்பி, அதே சாயலில் எதிரே நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அங்கே திரும்பாமல் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அட்லாண்டிஸ் எழுந்தது.

ரசனை சரியாக இருந்து தீர்ப்பு தவறிப்போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. படைப்பை ஒப்புக்கொண்டாகிவிட்டது, படைத்தவனை ஒப்புக்கொள்ள மனமில்லை. இடையில் ஒரு பள்ளம். அதை நிரப்ப ஒரு கண்டம் தேவைப்படுகிறது.

3

அந்தப் பள்ளத்தை அவர் உழைத்தே நிரப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1912–13-ல் வெளிவந்து உடனே ஆங்கிலத்திலும் வந்த அவருடைய ஆப்பிரிக்க நூல் ஒரு சோம்பேறியின் கற்பனையல்ல. யொரூபா வீடுகளின் நடுவில், நம் பழைய வீடுகளின் முற்றத்தைப் போல, மழைநீர் விழும் திறந்த முற்றம் இருக்கிறது; பண்டைய எட்ரஸ்கன், ரோமானிய வீடுகளிலும் இருந்தது. இஃபா குறிகேட்பில் பதினாறு பனங்கொட்டைகளை வைத்து 256 அமைப்புகளை எடுக்கிறார்கள். உலகத்தை நான்கு திசைகளாகப் பகுத்துக் காணும் ஒரு பார்வை அதில் இருக்கிறது. எட்ரஸ்கன் பூசாரிகளும் வானத்தை அப்படித்தான் பகுத்தார்கள். தறி, வில், முரசு என்று ஒவ்வொன்றாக எடுத்து, இன்ன வடிவம் இன்ன கரையில் கிடைக்கிறது என்று வரைபடம் போடுகிறார். கடைசியில் ஒலோகுன் கடலின் தெய்வம். பொசைடனும் கடலின் தெய்வம். அட்லாண்டிஸோ பொசைடனின் தீவு. ஆகவே மத்தியதரைக்கடலிலிருந்து அட்லாண்டிக் கரைவழியே வந்த ஒரு மூத்த நாகரிகத்தின் எச்சம்தான் இஃபே.

வாதத்தின் ஒவ்வொரு செங்கல்லும் அவர் கண்ணால் பார்த்தது. கட்டடம் மட்டும் வேறு எங்கோ நிற்கிறது. இரண்டு இடங்களில் ஒன்று போல இருந்தால் ஒன்று மற்றதிலிருந்து வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் ஐரோப்பாவின் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டு அனுமானங்களையும் அவர் எங்கும் வாதித்து நிறுவவில்லை. அவற்றை வைத்துக்கொண்டுதான் வாதிக்கிறார்.

அக்காலத்தில் வேறுவிதமாகப் பார்க்கவே முடியாது என்று சமாதானம் சொல்வதற்கில்லை. 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைச் சூறையாடி உலோகச் சிற்பங்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனபோது, அவற்றின் கலைக்குப் போர்ச்சுகீசியரும் எகிப்தியரும் மூலமாக இருக்கலாம் என்று லண்டன் அறிஞர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான் இது ஆப்பிரிக்கக் கலை என்று அடித்துச் சொன்னார். செல்லினியே இதைவிட மேலாக வார்த்திருக்க முடியாது என்றார். அதே ஊர், அதே காலம். காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வது எப்போதும் அவ்வளவு சுலபமில்லை.

ப்ளேட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்லாண்டிஸ் அவருடைய இரண்டு உரையாடல்களில் வருகிறது. செருக்குற்ற ஒரு கடல் வல்லரசு, அளவறிந்து வாழ்ந்த பழைய ஏதென்ஸிடம் தோற்ற கதை. தன் ஊர்க்காரர்களுக்கு அவர் சொன்ன கண்டிப்பு அது. இரண்டாவது உரையாடல், ஜீயஸ் தேவர்களைக் கூட்டிப் பேச வாயெடுக்கும் இடத்தில் வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது. அரைகுறையாக நிற்கிற ஒரு இலக்கியப் பிரதியைப் புவியியல் குறிப்பாகப் படிப்பதும் விமர்சனப் பிழைதான். உருவகத்துக்கு அட்சரேகை தேடுகிற காரியம்.

4

பிற்பாடு மண் பேசியது. 1938-ல் இஃபே அரசரின் அரண்மனைக்கு அருகே வுன்மொனிஜே வளாகத்தில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, பித்தளையிலும் செம்பிலும் வார்த்த தலைகள் பதினைந்துக்கும் மேல் வெளிவந்தன. கி.பி. 12 முதல் 15-ம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை இவை. அட்லாண்டிஸும் எட்ரஸ்கர்களும் இந்தக் காலக்கணக்கில் நுழையவே வழியில்லை. கலப்பில்லாத செம்பை வார்ப்பது கடினம். அதையும் இஃபேயில் செய்திருக்கிறார்கள். 1943-ல் வடக்கே நோக் பகுதியின் தகரச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு சுடுமண் தலை, கிழங்குக் கொல்லையில் காக்கை விரட்டும் பொம்மையாக ஒரு வருஷம் நின்ற பிறகுதான் பெர்னார்ட் ஃபேக்கின் கண்ணில் பட்டது. நோக்கிலிருந்து இஃபேக்கு நேரடித் தொடர்ச்சி உண்டா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் மண்ணைப் பிசைந்து மனித முகம் செய்யும் கலை அந்த நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததற்கு இது போதும்.

இவற்றைவிட என்னைப் பாதித்தது ஒலோகுன் தோப்பில் கிடைத்த சாட்சியம். யொரூபாக்களுக்கு ஒலோகுன் கடலுக்கு மட்டுமல்ல, செல்வத்துக்கும் மணிகளுக்கும் உரிய தெய்வம். 2011–12-ல் அபிதெமி பாபலோலா அந்தத் தோப்பில் அகழ்ந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன. கூடவே கண்ணாடி உருக்கிய மூசைகளின் துண்டுகளும் கழிவுகளும். கண்ணாடியைச் சோதித்தால் சுண்ணாம்பும் அலுமினாவும் மிகுந்த கலவை. இறக்குமதியான கண்ணாடிகளில் காணாதது. அதாவது கி.பி. 11-க்கும் 15-க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அங்கேயே, அந்த மண்ணைக் கொண்டே செய்தது. பொசைடனின் கோயில் என்று ஃப்ரோபீனியஸ் நினைத்த இடம் ஒரு தொழிற்பட்டறை. தெய்வம் ஏன் அங்கே இருந்தது என்பதற்குப் பதில் அவர் காலடியில் கிடந்தது. மூசைகளையும் கண்ணாடியையும் அவரும் பார்த்து எழுதியிருக்கிறார். பார்த்ததை அட்லாண்டிஸின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்.

5

இந்த மனிதரின் விசித்திரம் இதோடு முடியவில்லை. ஆப்பிரிக்காவில் அவர் சேகரித்த கதைகள் 1921 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தன. தொகுப்புக்கும் அட்லாண்டிஸ் என்றே பெயர் வைத்தார். அதன் ஆறாம் தொகுதியில் ஸோனின்கே மக்களின் கதைப்பாடல் ஒன்று இருக்கிறது. அதுவும் தொலைந்துபோன நகரத்தைப் பற்றியதுதான். வகாது என்பது அதன் பெயர். பழைய கானா ராஜ்யத்தை ஸோனின்கேக்கள் அப்படித்தான் சொல்வார்கள். வகாது நான்கு முறை தொலைந்தது: வீண் பெருமையால், பொய்யால், பேராசையால், பிளவால். நான்கு முறையும் வேறு வேறு பெயரில் திரும்பி வந்தது. தந்தை சாகக் காத்திருந்து பொறுமையிழந்த கஸிரே என்ற இளவரசனுக்குப் பாட்டின் மேல் ஆசை வருகிறது. கொல்லன் செய்துகொடுத்த யாழ் பாட மறுக்கிறது. அது வெறும் மரம். உன் பிள்ளைகளின் ரத்தத்தைக் குடித்தால்தான் பாடும் என்கிறான் கொல்லன். நாளுக்கு ஒரு மகனாகப் போருக்குக் கூட்டிப்போகிறான் கஸிரே. ஏழு மகன்கள் சாகிறார்கள். ஊர் அவனைத் துரத்துகிறது. பாலைவனத்தில் ஒரு இரவு யாழ் தானாகப் பாடுகிறது. அந்த இரவில் வகாது முதல் முறையாகத் தொலைகிறது.

ப்ளேட்டோவின் கதைக்கு எந்த விதத்திலும் குறையாத கதை என்று நான் நினைக்கிறேன். ஒரு சமூகம் தன் இழப்புக்குத் தானே பொறுப்பேற்கிறது. கலைக்குக் கொடுத்த விலையையும் மறைக்காமல் சொல்கிறது. இதை எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர் ஃப்ரோபீனியஸ்தான். கைக்குள் வகாதுவை வைத்துக்கொண்டு, அதன் அட்டையில் அட்லாண்டிஸ் என்று அச்சிட்டார்.

பவுண்டுக்கு இது புரிந்தது. முசோலினிக்காக வானொலியில் யூத வெறுப்பைக் கக்கியதற்காக 1945-ல் பீஸா அருகே அமெரிக்க ராணுவ முகாமில் கூண்டில் கிடந்தபோது, எழுதிய காண்டோக்களில் அவர் வகாதுவை அழைத்துக்கொண்டார். தான் நம்பிய நகரம் நொறுங்கிய பிறகு, மனத்தில் அழியாதிருக்கும் நகரம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்குள் அவருடைய சுயவஞ்சனையும் கலந்திருந்தது. ஆனாலும் அவர் எடுத்துக்கொண்டது ஸோனின்கே பாடகனிடமிருந்து. ஃப்ரோபீனியஸின் கொள்கையிலிருந்து அல்ல. கவிஞனின் காது அங்கே சரியாகவே வேலை செய்தது.

6

செங்கோர், ஸெஸேர் விஷயம் இன்னும் சிக்கலானது. 1936-ல் ஃப்ரோபீனியஸின் ஆப்பிரிக்க நாகரிக வரலாறு பிரெஞ்சில் வந்தபோது அவர்கள் பிரான்ஸில் இருந்தார்கள். காட்டுமிராண்டி நீக்ரோ என்பது ஐரோப்பா கற்பித்த பொய், ஆப்பிரிக்கன் எலும்பு வரை நாகரிகமடைந்தவன் என்று ஒரு வெள்ளைக்காரர், அதுவும் ஒரு ஜெர்மானியர், எழுதியதைப் படித்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1941-ல் மார்ட்டினிக் தீவில், விஷி ஆட்சியின் கீழ், ஸெஸேர் தம்பதியும் நண்பர்களும் ‘ட்ரோபிக்’ என்ற சிறுபத்திரிகையை ஆரம்பித்தார்கள். முதல் இதழிலேயே சுஸான் ஸெஸேர் ஃப்ரோபீனியஸைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1943-ல் அந்தப் பத்திரிகைக்குக் காகிதம் மறுக்கப்பட்டது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் தெரியும்.

ஆகவே ஃப்ரோபீனியஸ் ஒரு இனவாதி, அவரை வாசித்தவர்கள் ஏமாந்தவர்கள் என்று கோடு போட்டு முடித்துவிட முடியாது. அவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எடுத்ததோடு எடுக்காததும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஃப்ரோபீனியஸ் ஆப்பிரிக்காவை இரண்டாகப் பிரித்திருந்தார்: தாவரம் போல மண்ணோடு ஒன்றி, உணர்வால் வாழும் ‘எத்தியோப்பிய’ ஆன்மா, விலங்கு போல வேட்டையாடி, வென்று ஆளும் ‘ஹாமிட்டிக்’ ஆன்மா. இந்தப் பிரிவினையின் நிழலில்தான் செங்கோர் 1939-ல் உணர்ச்சியைக் கறுப்பனுக்கும் அறிவைக் கிரேக்கனுக்கும் பங்கு வைத்தார். இஃபேயின் தலையைச் செய்த கையைக் கிரேக்கத்தின் பக்கத்துக்குக் கொண்டுபோனார் ஃப்ரோபீனியஸ். கையை மீட்டு வந்த செங்கோர், அளவையும் கணக்கையும் அறிந்த அறிவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். உருகிய செம்பு எந்தச் சூட்டில் ஓடும் என்று அறியாமல், வெறும் உணர்ச்சியால் யாரும் தலை வார்த்ததில்லை. சோயிங்காவின் தலைமுறை நெக்ரிட்யூடோடு சண்டைபோட்டதில் நியாயம் இருந்தது.

7

1974-ல், செனெகல் ஜனாதிபதியாக இருந்த செங்கோர் நெக்ரிட்யூடையும் திராவிடக் கலாச்சாரத்தையும் சேர்த்து நிறுத்திச் சென்னையில் பேசினார். தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கில இதழில் அப்பேச்சு இருக்கிறது. இஃபேயில் தொடங்கிய விஷயம் இப்படித்தான் நம் வாசலுக்கு வந்தது. அவர் வருவதற்கு வெகு காலம் முன்பே நமக்கும் ஒரு அட்லாண்டிஸ் கிடைத்திருந்தது. 1864-ல் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரில் இருக்கும் லெமூர்களின் உறவுகள் இந்தியாவிலும் ஏன் காணப்படுகின்றன என்று விளக்க ஒரு மூழ்கிய நிலத்தை ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்களே நகர்கின்றன என்பது நிலைபெற்ற பிறகு அந்த ஊகத்துக்கு அறிவியலில் வேலையில்லை. நாம் மட்டும் அதை விடவில்லை. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. அது நம் வகாது. ஒரு இழப்பின் ஞாபகம். கவிதை அதைத் தாங்கும். அதன் அட்டையில் லெமூரியா என்று அச்சிட்டு, பரப்பளவு போட்டு, பாடப்புத்தகம் வரை கொண்டுபோனபோது நாம் செய்தது ஃப்ரோபீனியஸ் செய்ததேதான். வித்தியாசம், அவர் பிறருக்குச் செய்ததை நாம் நமக்கே செய்துகொண்டோம்.

இலக்கிய விமர்சனத்திலும் இந்தப் பழக்கம் நமக்கு நன்றாகவே படிந்திருக்கிறது. ஒரு நல்ல கவிதை வந்தால், இது எலியட், இது ரில்கே என்று கடல் தாண்டிக் காட்டுகிறார் ஒருவர். இதெல்லாம் சங்கத்திலேயே இருக்கிறது என்று கடலுக்கு அடியில் காட்டுகிறார் இன்னொருவர். இரண்டு பேருமே நல்ல வாசகர்களாக இருக்கலாம். கவிதை நன்றாக இருக்கிறது என்பதை இருவரும் மறுப்பதில்லை. அதை நம் காலத்தில், நம் தெருவில், நமக்குத் தெரிந்த ஒரு ஆள் எழுதியிருக்கிறான் என்பதைத்தான் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. செல்வாக்கும் மரபும் உண்மைகள். அவற்றை ஆராயக்கூடாது என்று சொல்லவில்லை. எதிரே இருக்கும் மனிதனைப் பார்க்காமலிருப்பதற்காக அவற்றை ஆராய்வது வேறு.

8

அந்த உலோகத் தலைக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்று சொல்லி முடிக்கிறேன். 1949-ல் சிற்பி லியோன் அண்டர்வுட்டும் வில்லியம் ஃபேக்கும் இஃபேயில் இருந்த தலையைப் பரிசோதித்த முடிவை வெளியிட்டார்கள். இது பழைய வார்ப்பு அல்ல, மணல் அச்சில் எடுத்த நவீன நகல் என்றார்கள். அப்படியானால் அசல் எங்கே? ஃப்ரோபீனியஸ் மாற்றிக் கொண்டுபோய்விட்டார் என்ற சந்தேகம் பல காலம் உலவிற்று. சோயிங்காவே நண்பர்களோடு, பிரேசிலில் ஒரு வீட்டில் அசல் இருப்பதாக நம்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்து, அது பிரிட்டிஷ் அருங்காட்சியகம் செய்து விற்ற நகல் என்று கண்ட வெட்கத்தைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு 2010-ல் இஃபே சிற்பங்கள் கண்காட்சிக்காக லண்டன் போயிருந்தபோது தலையை மறுபடி ஆராய்ந்தார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது. நகல் என்று ஒதுக்கிவைத்திருந்ததுதான் அசல். ஃப்ரோபீனியஸ் பார்த்ததும் அதுவே.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் நகல் என்ற பெயரோடு அது இஃபேக்கு உரியதாகவே இருந்தது. அட்லாண்டிஸிலும் பெர்லினிலும் பிரேசிலிலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.